ஹரிக்கேன் மிச்சத்துக்கு நாட்டையே பூட்டணுமா?

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

மறுபடி அந்த ஹரிக்கேன் (அட்லாண்டிக் சூறாவளி) சீசன் வந்துடுச்சு. ஆப்பிரிக்கா கரையில மேகம் கூடினா போதும், நம்ம அயர்லாந்து தமிழ் வாட்ஸப் குரூப்ல வரைபடமா கொட்டுது. நேத்து ஒருத்தர் "ஹரிக்கேன் மிச்சம் நம்ம பக்கம் திரும்பலாம், இப்பவே அரிசி வாங்கி வைங்க"ன்னு போட்டிருக்கார். சரி, நேரடியாவே கேட்டுடறேன். இந்த ஆர்ப்பாட்டம் தேவையா?

2017 அக்டோபர் 16, ஒஃபீலியா. நாடு முழுக்க சிவப்பு எச்சரிக்கை (அதுதான் உச்ச எச்சரிக்கை), திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் பள்ளிக்கூடம் கிடையாது. பெரிய காத்துதான், இல்லைங்கல. அடுத்தது 2019 அக்டோபர்ல லொரென்சோ. "அஞ்சாம் நிலை, அஞ்சாம் நிலை"ன்னு (ஹரிக்கேன்ல அதுதான் உச்சம்) ஒரு வாரம் வயித்துல புளியைக் கரைச்சாங்க. கடையை மூடிட்டு ஜன்னல்ல உக்காந்து பார்த்தேன், எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி கூட நகரல.

வர்தாவுல மயிலாப்பூர்ல இருந்தவன் நான். மறுநாள் ரோட்டுல கிடந்த மரத்தைத் தாண்டி வேலைக்குப் போனோம். இங்க மணிக்கணக்கு சம்பளத்துக்கு வேலை பார்க்கற பசங்களுக்கு மூடின நாள் காசு கிடையாது. கொடுத்தே ஆகணும்னு சட்டமும் கிடையாது. எச்சரிக்கை விடறவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நடுவுல நம்ம ஆளுங்க பிரெட் அலமாரியைத் துடைச்சு எடுத்துட்டுப் போறாங்க, வருஷம் முழுக்க பிரெட் தொடாத குடும்பமெல்லாம்!

நைட் ஷிஃப்ட் (கார்க்)

மாஸ்டர் அண்ணே, ஒஃபீலியா அன்னைக்கு நான் கார்க்லதான் இருந்தேன். டக்ளஸ்ல ஒரு பள்ளிக்கூடத்து ஜிம் கூரையைக் காத்து உரிச்சுப் போட்டுது. டர்னர்ஸ் கிராஸ் கால்பந்து மைதானத்துல ஒரு ஸ்டாண்ட் கூரை அப்படியே மடிஞ்சு விழுந்துது. நடந்தது பட்டப்பகல், திங்கக்கிழமை. "எதுக்கு லீவு"ன்னு கேட்கிறவங்க அந்த ஜிம் போட்டோவை ஒரு தடவை பாருங்க. பிள்ளைங்க உள்ள இருக்கிற நேரம் அது.

அன்னைக்கு மூணு பேர் செத்தாங்க. வாட்டர்ஃபோர்ட்ல ஆக்லிஷ் பக்கம் ஒரு கார் மேல மரம். டண்டால்க் பக்கம் இன்னொரு கார் மேல மரம். காஹிர் பக்கம் ஒருத்தர், விழுந்த மரத்தை செயின்சாவால அறுக்கப் போனவர். மூணுமே வெளியில. வீட்டுக்குள்ள ஒண்ணுகூட இல்ல. 1961 செப்டம்பர்ல டெபின்னு ஒண்ணு வந்துது, அதுவும் ஹரிக்கேன்தான். இந்தத் தீவுல மட்டும் 18 பேர். முன்கூட்டிச் சொல்லி உள்ள இருக்க வச்சா 18 மூணாகுது.

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

சிஸ்டர், 1961ஐயும் 2017ஐயும் ஒரே தராசுல வைக்காதீங்க. அப்போ வீடு வேற, ரோடு வேற, ரெண்டு புயலும் வந்த பாதை வேற. 18ல இருந்து மூணானது எச்சரிக்கையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?

இன்னொண்ணு. திங்கக்கிழமை சரி. செவ்வாய் எதுக்கு லீவு? காத்து ராத்திரியே போயிடுச்சே.

நைட் ஷிஃப்ட் (கார்க்)

செவ்வாய் காலையில ரோட்டுல கம்பி கிடந்துது அண்ணே. மொத்தத்துல மூணரை லட்சத்துக்கும் மேல இணைப்புக்கு கரண்ட் போயிருந்துது. அறுந்து கிடக்கிற கம்பியில கரண்ட் ஓடுதா இல்லையான்னு பள்ளிக்கூட பஸ் டிரைவரா இறங்கிப் பார்க்க முடியும்?

டப்ளின் தினேஷ்

வானிலை கிறுக்கனா ரெண்டு வார்த்தை. எல்லாரும் "மிச்சம்"னு சொல்றோம், அதுல ஏதோ பலவீனமானதுன்னு ஒரு நினைப்பு ஒட்டிக்குது. குளிர்ந்த கடல் மேல வந்ததும் ஹரிக்கேனோட சூடான மையம் கலைஞ்சு போறது நிஜம். ஆனா மேல ஓடற ஜெட் காத்தோட சரியான இடத்துல சேர்ந்தா அது வேற ஒரு புயலா மறுபடி பலம் பிடிக்கும். மையத்துல உச்ச வேகம் குறையும், காத்து அடிக்கிற பரப்பு பெருகும், நகர்ற வேகமும் கூடும். வடக்கே போற புயல்னா வலது பக்கம், அதாவது கிழக்கு, மோசம். சுத்தற வேகத்தோட நகர்ற வேகமும் அங்கதான் சேருது. மையம் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போனாலும் நம்ம கணக்கு மாறிடும். அதனாலதான் மூணு நாள் முன்னாடி யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியறதில்ல.

லொரென்சோ ஒண்ணும் பண்ணலன்னு சொன்னீங்க. நமக்குப் பெருசாப் பண்ணல. வழியில அசோர்ஸ் தீவுகள்ல, ஃபுளோரெஸ்ல இருக்கற லாஜெஸ் துறைமுகத்தை நாசம் பண்ணிட்டுத்தான் வந்துது. ஒஃபீலியாவும் அப்படித்தான். நாம கூரையை எண்ணிட்டிருந்தப்போ அதோட காத்து போர்ச்சுகல்ல காட்டுத்தீயை விசிறி விட்டு, அங்க 40 பேருக்கு மேல செத்தாங்க. அந்தப் புகையும் சஹாரா தூசியும் சேர்ந்துதான் அன்னைக்கு லண்டன்ல சூரியன் ரத்தச் சிவப்பா தெரிஞ்சுது.

நாடு முழுக்க சிவப்புங்கறதும் எடுத்த எடுப்புல வந்ததில்ல. சனிக்கிழமை கால்வே, மேயோ, கிளேர், கெர்ரி, கார்க் மாவட்டங்களுக்குத்தான் கொடுத்தாங்க. ஞாயிறு ராத்திரிதான் எல்லாத்துக்கும் நீட்டினாங்க. கார்க் கரையில ரோச்சஸ் பாயிண்ட்ல மணிக்கு 156 கிலோமீட்டர் காத்து வீச்சு பதிவாச்சு. ஃபாஸ்ட்நெட் கலங்கரை விளக்கத்துல 191, ஆனா அது கடல் நடுவுல பாறை உச்சி, அதை நம்ம தெருவோட ஒப்பிடக் கூடாது. சிவப்புக்கான அளவு 130க்கு மேல. காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100ல இருந்து 130 போனா முப்பது சதவீதம் இல்ல, கிட்டத்தட்ட எழுபது சதவீதம் கூடுதல் அடி.

மட்டுநகரான் (கால்வே)

தம்பிமார், நான் 78 நவம்பர் சூறாவளியை மட்டக்களப்பில கண்டவன். ஓடு, தகரம், தென்னை எல்லாம் ஒரே இரவில போனது. அண்டைக்கு எங்களுக்கு இப்பிடி வீட்டுக்கு வீடு வந்து சொல்ல ஒருத்தரும் இருக்கேல்ல. அதால எச்சரிக்கை விடுறது பிழை எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்.

ஆனா மாஸ்டர் தம்பி சொல்லுறதிலயும் ஒரு நியாயம் கிடக்கு. கோர்க்குக்கும் டொனெகலுக்கும் ஒரே நேரத்தில காத்து வாறதில்ல. தெற்கில காலமை, வடக்கில பின்னேரம். முழு நாட்டையும் ஒரே பூட்டால பூட்டினா சனம் அடுத்தமுறை நம்பாது. மணிக்கணக்குப் போட்டு மாவட்டம் மாவட்டமாச் சொல்லட்டும்.

ஊரில புயல் பார்த்தனாங்கள் எண்டு நெஞ்சை நிமித்துறது வேற கதை. மெட்ராசில கொங்கிரீட் மொட்டை மாடி. இஞ்ச மரச்சட்டத்துக்கு மேல சிலேட் ஓடு. ஒரு முகட்டு ஓடு கிளம்பினா பக்கத்து ஓடெல்லாம் பின்னால வரும். அட்டிக் மூடி தடக் தடக் எண்டு துள்ளுற சத்தத்தை இரவு முழுக்கக் கேட்டுப் பாருங்கோ, வர்தாவை மறந்துபோவீங்கள்.

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

ஐயா, நீங்களாவது பாதி என் பக்கம் வந்தீங்களே! "அடுத்தமுறை நம்பாது", அதைத்தான் நானும் சொல்றேன். புலி வருது புலி வருதுன்னு கத்திட்டே இருந்தா நிஜப் புலி வர்றப்போ எவன் எழுந்து ஓடுவான்?

கம்பி வேலை (மேயோ)

வேதாரண்யத்துக்காரன், இங்க எலக்ட்ரீஷியன். ரெண்டு பக்கமும் காத்தடிக்கிற அந்த ஆறு மணி நேரத்தைப் பத்தி மட்டும்தான் சண்டை போடறீங்க. நமக்கு வலி அதுக்கப்புறம்தான்.

2025 ஜனவரி 24, ஏயோவின். (அது ஹரிக்கேன் மிச்சம் இல்ல, சுத்தமான குளிர்காலப் புயல். தினேஷ் வந்து திருத்தறதுக்குள்ள நானே சொல்லிடறேன்.) கால்வே கரையில மேஸ் ஹெட்ல வீச்சு மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி, 1945ல இருந்து நின்ன நாட்டு ரெக்கார்டை உடைச்சுது. 7,68,000 இணைப்புக்கு கரண்ட் போச்சு. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆள் வந்து கம்பி கட்டியும், சில வீட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. கஜாவுக்கு அப்புறம் எங்க ஊர் எப்படிக் கிடந்துதோ அதே கோலத்தை மேயோவுல பார்த்தேன், தென்னைக்குப் பதிலா ஸ்ப்ரூஸ் மரம்.

கிராமத்துல கரண்ட் போனா தண்ணி போச்சு. கிணத்துல பம்ப் ஓடாது. ஆயில் பாய்லரும் ஓடாது, அதுக்கும் கரண்ட் வேணும். டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் போனும் ஊமை. லேண்ட்லைன் இருக்கேன்னு நினைக்காதீங்க, இப்போ பல வீட்டுல அது ஃபைபர் பெட்டி வழியா வருது, பெட்டிக்கும் பிளக் வேணும். தயாராகறதுன்னா பிரெட் வாங்கறது இல்ல. பாத்டப்பை ரொப்பி வைங்க, கக்கூஸுக்கு ஊத்தவாவது ஆகும். குடிக்கத் தனியா பிடிச்சு வைங்க. பேட்டரி ரேடியோ ஒண்ணு, பவர் பேங்க் ரெண்டு. ஈஎஸ்பி (மின்சார நிறுவனம்) நம்பரையும் உங்க மீட்டர் எம்பிஆர்என் நம்பரையும் பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, செத்துப்போன போனுக்குள்ள இருந்தா பிரயோஜனமில்ல.

ஹரிக்கேன் மிச்சம் வர்றது செப்டம்பர், அக்டோபர். அப்போ மரத்துல இலை உதிர்ந்திருக்காது, பாய்மரம் கட்டின மாதிரி காத்தை வாங்கும். மண்ணும் ஊறியிருந்தா ஜனவரியில தாங்கற மரம் அக்டோபர்ல வேரோட வரும். வீட்டுப் பக்கம் சாய்ஞ்ச கிளை இருந்தா இப்பவே ஆள் விட்டு வெட்டுங்க, எச்சரிக்கை வந்தப்புறம் ஏணி ஏறாதீங்க.

டப்ளின் தினேஷ்

டிராம்பொலினை விட்டுட்டீங்களே. ஒவ்வொரு புயலுக்கும் எவனாவது ஒருத்தன் டிராம்பொலின் பக்கத்துத் தெருவுல இறங்குது. கல்லு வச்சா நிக்காது. விரிப்பைக் கழட்டுங்க, வெறும் சட்டத்துக்குக் காத்து பிடிக்காது. வீலி பின்னை (சக்கரம் வச்ச குப்பைத்தொட்டி) படுக்கப் போடுங்க.

ஜன்னலுக்கு எக்ஸ் மாதிரி டேப் ஒட்டறதை யாராவது சிபாரிசு பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், வேண்டாம். கண்ணாடி உடையறதை அது தடுக்காது, உடைஞ்சா பெரிய பெரிய துண்டா வரும். திரையை இழுத்து மூடிட்டு, மரம் இருக்கற பக்கத்து ரூம்ல படுக்காம இருந்தா போதும்.

காத்தையே பார்த்துட்டு மழையை மறக்கவும் கூடாது. 1986 ஆகஸ்ட்ல சார்லி மிச்சம் வந்தப்போ டப்ளின் பக்கத்து பிரேயில டார்கிள் ஆறு ஊருக்குள்ள புகுந்துது.

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

கம்பி வேலை தம்பி சொல்றதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. தண்ணி பிடி, ரேடியோ வாங்கு, மரத்தை வெட்டு, எல்லாம் சரி. என் கேள்வி கடையை மூடறதைப் பத்தி. கரண்ட் இல்லாத ஊருக்கு சூடா சோறு போடறது யாரு? எங்கிட்ட கேஸ் அடுப்பு இருக்கு. ஏயோவினுக்கு மறுநாள் வாசல்ல நின்ன வரிசை எனக்குத்தான் தெரியும், ஃபிளாஸ்க்ல வெந்நீர் மட்டும் கேட்டு வந்தவங்க எத்தனை பேர்!

நைட் ஷிஃப்ட் (கார்க்)

மறுநாள் திறந்தீங்க, கும்பிடறேன். காத்தடிக்கிற நேரத்துல திறந்தா யார் வருவாங்க? ஆர்டர் போன்லதான் வரும். அதை எடுத்துட்டு சைக்கிள்ல போறது யாரு அண்ணே? ஸ்டூடண்ட் விசாவுல வந்திருக்கிற நம்ம பையன்தான். மணிக்கு 110 கிலோமீட்டர் வீச்சுல முதுகுல அந்தப் பெட்டியோட. அவன் கீழ விழுந்தா எங்க வார்டுக்குத்தான் வருவான். நாங்க மட்டும் சிவப்பு எச்சரிக்கையிலயும் ஷிஃப்டுக்கு வரணும், முதல்நாள் ராத்திரியே வந்து ஆஸ்பத்திரியில படுத்துக்கிடுவோம்.

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

அந்தப் பையனே கேட்கறான் சிஸ்டர், "அண்ணே திறங்க, வாடகை கட்டணும்"னு. அவனுக்கு நான் என்ன சொல்ல?

நைட் ஷிஃப்ட் (கார்க்)

அன்னைக்குச் சம்பளத்துல பாதியாவது கொடுத்து உள்ள உக்காத்தி வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க.

மட்டுநகரான் (கால்வே)

பிள்ளை சொல்லுறது சரி. ஆனா சின்னக் கடைக்காரன் ஒருத்தன் எத்தினை முறை அப்பிடிக் குடுப்பான்? கடையைப் பூட்டச் சொல்லுற அரசாங்கம் அண்டைக்குக் கூலியையும் தரவேணும். கொவிட் நேரம் தந்தவைதானே. இதுக்கும் ஒரு வழி பண்ணலாம்.

டப்ளின் தினேஷ்

ஐயா, சிவப்பு எச்சரிக்கை ஆலோசனைதான், உத்தரவு இல்ல. உத்தரவு போட்டாத்தான் காசு கேட்க முடியும். உத்தரவு போட்டா மாஸ்டர் இன்னும் கத்துவார்.

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

கத்துவேன். காசு கொடுத்தா மெதுவா கத்துவேன்.

இப்போதைக்கு என் முடிவு: சிவப்புன்னா மூடறேன், ஆரஞ்சுன்னா (சிவப்புக்கு ஒரு படி கீழ) திறப்பேன். டெலிவரி கிடையாது, கவுண்டர் மட்டும்.

நைட் ஷிஃப்ட் (கார்க்)

ஆரஞ்சும் 110 வரை போனாத்தான் கொடுப்பாங்க அண்ணே. கவுண்டருக்கு ஆளுங்க பறந்தா வருவாங்க?

பிரியாணி மாஸ்டர் (லிமரிக்)

பறந்து வந்தா பார்சல் ஃப்ரீ. 😄

கம்பி வேலை (மேயோ)

தனிச்செய்தியில ரெண்டு பேர் ஜெனரேட்டர் பத்திக் கேட்டீங்க, பொதுவுல சொல்லிடறேன். ரெண்டு முனையும் ஆண் பிளக் வச்ச வயர் பண்ணி வீட்டு சாக்கெட்ல சொருகற வேலை வேண்டவே வேண்டாம். கரண்ட் வீட்டைத் தாண்டி வெளிக் கம்பிக்குப் போகும், கம்பத்துல நிக்கிறவன் உயிர் போகும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளிக் கம்பியைத் துண்டிச்சுட்டு ஜெனரேட்டருக்கு மாத்தற சுவிட்ச்) போட முறையா ஆளைக் கூப்பிடுங்க. இல்லைன்னா எக்ஸ்டென்ஷன்ல ஃப்ரீஸர் மட்டும் போடுங்க. நிரம்பின ஃப்ரீஸரைத் திறக்காம விட்டா ரெண்டு நாள் தாங்கும், ஜெனரேட்டரே தேவைப்படாது. ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்தான். இட்லி மாவையும் மீன் குழம்பையும் முதல்நாள் ராத்திரியே தீர்த்துடுங்க.

ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியில, ஜன்னலை விட்டுத் தள்ளி. கராஜுக்குள்ள வச்சு ஷட்டரைப் பாதி திறந்தா போதும்னு நினைக்காதீங்க, புகை வீட்டுக்குள்ளதான் வரும். கேம்பிங் கேஸ் அடுப்பும் அதே கதைதான். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாத வீட்டுக்காரங்க இன்னைக்கே வாங்குங்க, இருக்கறவங்க பட்டனை அழுத்திப் பேட்டரி இருக்கான்னு பாருங்க.