பக்கத்து வீட்டில் நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? (குடியாத்தம்)

கேள்வி: தறித்தெரு
எங்க தெருவுல நாங்க ஒரே கிறிஸ்தவக் குடும்பம். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கிளம்பும்போது நாங்க மட்டும் வீட்ல இருக்கோம். பக்கத்து வீட்டு அக்கா, "நீங்க ஏன் இயேசுவைக் கும்பிடறீங்க, எங்க சாமிக்கு என்ன குறை?"ன்னு கேட்டாங்க. சண்டைக்கு இல்ல, தெரிஞ்சுக்கத்தான். மறைக்கவும் மனசில்ல, அவங்க மனசு நோகவும் கூடாது. எங்க இருந்து ஆரம்பிக்கறது? ஆடியில கூழ் கொண்டு வந்தா என்ன செய்யறது?

பதில்: ஓய்வுநாள் பள்ளி டீச்சர், காட்பாடி
தம்பி, அந்த அக்கா கேட்டது ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ரெண்டாவதுக்கு "உங்க சாமியைக் குறை சொல்ல நான் வரல அக்கா" போதும். நிறைய பேர் ரெண்டாவதுல இறங்கித்தான் உறவையே கெடுத்துக்கறாங்க. 1 பேதுரு 3:15 கேக்கறவங்களுக்கு, சாந்தமா, மரியாதையா பதில் சொல்லச் சொல்லுது. கேக்காதவங்களைப் பிடிச்சு நிறுத்தச் சொல்லல.

மூணு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. இயேசு யாரு, ஏன் சிலுவையில செத்தாரு, உயிர்த்தெழுந்தாருன்னு நம்பறதால உங்க வீட்ல என்ன மாறியிருக்கு, அவ்வளவுதான். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" மாதிரி சபைக்குள்ள பேசற பேச்சு வெளிய இருக்கறவங்களுக்கு மிரட்சியா இருக்கும். "இவர்கிட்ட வந்தா கடன் தீரும், வியாதி போகும்"னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. அப்போஸ்தலன் பவுலுக்கே உடம்புல முள்ளுன்னு அவர் சொன்ன உபாதை எடுபடல (2 கொரிந்தியர் 12). கடவுள் தராத வாக்கை நாம தரக்கூடாது.

வாசிக்க ஏதாவது இருக்கான்னு அவங்களா கேட்டா லூக்கா சுவிசேஷம் குடுங்க. மத்தேயுவைத் திறந்தா முதல்ல வம்ச வரலாறு, பேர் பேரா வரும், பாதிப்பேர் அங்கேயே மூடிடுவாங்க. லூக்கா 15:11ல இருந்து 32 வரை சேர்ந்து வாசிங்க. ஒரு அப்பா, ரெண்டு பசங்கன்னு இயேசு சொன்ன கதை அது. அப்பா உயிரோட இருக்கும்போதே சின்னவன் பாகம் கேக்கறான். அது எவ்வளவு பெரிய அவமானம்னு நம்ம பக்கத்துல யாருக்கும் விளக்கவே வேணாம். எல்லாத்தையும் அழிச்சுட்டு வர்றவனைத் தூரத்துலயே பார்த்து அப்பா ஓடி வந்து கட்டிக்கறாரு. பெரியவன் உள்ள வரமாட்டேன்னு கோவிச்சுக்கறான், அப்பா அவனையும் தேடி வெளிய வந்து வருந்திக் கூப்பிடறாரு. அவன் உள்ள போனானான்னு கதையில சொல்லல. வாசிச்சதும் பிரசங்கம் பண்ணாம, "இதுல உங்களுக்கு யார் மேல பரிதாபம் வருது அக்கா?"ன்னு கேட்டுட்டு, அவங்க பேசறதைக் கேளுங்க.

பதில்: வக்கீல், சத்துவாச்சாரி
சட்டமும் தெரிஞ்சிருக்கணும். அரசியல் சாசனம் 25வது பிரிவு மதத்தைப் பரப்பற உரிமையைத் தருது. ஆனா இன்னொருத்தரை மாத்தறது அந்த உரிமையில சேராதுன்னு உச்ச நீதிமன்றம் 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல 2002ல வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004லயே விலக்கப்பட்டது. அதுக்காக பணம், வேலை, ஸ்கூல் சீட்டுன்னு ஆசை காட்டலாம்னு அர்த்தமில்ல. சின்னப் பிள்ளைங்ககிட்ட அப்பா அம்மாவுக்குத் தெரியாம பேசவே கூடாது.

இன்னொண்ணு, சபைகள்ல பலர் சொல்லாம விடறது. பட்டியல் சாதியில இருக்கறவங்க கிறிஸ்தவரானா 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. அந்தஸ்து போயிடும். தமிழ்நாட்டுல பி.சி. பட்டியல்ல வருவாங்க. பிள்ளைங்க படிப்பு, வேலை எல்லாம் இதுல அடங்கியிருக்கு. ஞானஸ்நானம் பத்தி யாராவது கேட்டா, இதை முதல்லயே சொல்லுங்க. மறைச்சா அது ஏமாத்து.

பதில்: ஆயர், ஆற்காடு
கூழ் விஷயம். 1 கொரிந்தியர் 8, 10 ரெண்டையும் முழுசா வாசிங்க. கேள்வி கேக்காம சாப்பிடலாம்னும் இருக்கு, படைச்சதுன்னு ஒருத்தர் சொல்லிட்டா அவர் மனசாட்சிக்காக வேண்டாம்னும் இருக்கு. வேண்டாம்னு முடிவெடுத்தா வாசல்லயே, "படைச்சது நாங்க சாப்பிடறதில்ல அக்கா, எங்களை நினைச்சு எடுத்துட்டு வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம், உள்ள வந்து உக்காருங்க"ன்னு சொல்லுங்க. வாங்கி வச்சுட்டு அப்புறம் கொட்டறதுதான் தப்பு. அது எப்படியும் தெரிஞ்சிடும். கிறிஸ்துமஸ் கேக்கை அவங்க வேண்டாம்னாலும் நாம முகம் சுளிக்கக் கூடாது.

தறித்தெரு
ரொம்ப நன்றி ஐயா. அந்த அக்காவோட மாமியார் வேலூர் சி.எம்.சி.ல அட்மிட் ஆகியிருக்காங்க. பார்க்கப் போறப்போ ஜெபம் பண்ணலாமா?

ஆயர், ஆற்காடு
நோயாளிகிட்டயே கேளுங்க, மருமகள்கிட்ட இல்ல. "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா? வேண்டாம்னாலும் பரவாயில்ல"ன்னு. படுக்கையில கிடக்கறவங்க எழுந்து போக முடியாது, அதனால வேண்டாம்னு சொல்ற வழியை நாமதான் திறந்து வைக்கணும். சரின்னா அரை நிமிஷம், மெதுவா, பக்கத்து கட்டில்காரருக்குக் கேக்காத மாதிரி. தலையில கை வைக்க வேணாம். அவங்க பேர், வலி, தூக்கம், டாக்டர், நர்ஸ், இதுக்காக மட்டும் ஜெபிங்க. அவங்க மனமாற்றத்துக்காக அவங்க காதுபடவே ஜெபிக்காதீங்க, அது வீட்ல தனியா பண்ண வேண்டியது. மருந்தை நிறுத்தச் சொல்லி யார் பேசினாலும் அங்கேயே மறுத்துடுங்க. அப்புறம் ராத்திரி துணைக்கு யார் இருக்காங்க, சாப்பாடு எங்க வாங்கறாங்கன்னு விசாரிங்க. மருமகள் ஒருத்தியே அலையறான்னா ஒரு நாள் ராத்திரி உங்க வீட்டுப் பெண்கள் யாராவது போய் இருக்கலாம்.