மூன்றாம் வகுப்புக்கு உலக வரைபடம்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வடக்கு எங்கே என்று கேட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் கூரையைக் காட்டினார்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தையே பார்த்துப் பழகினால் வேறென்ன செய்வார்கள், பாவம்! படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, காந்த ஊசி காட்டும் திசைக்குத் திருப்பி வைத்ததும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பிறகு வகுப்பறையை மேலிருந்து பார்ப்பதுபோல வரையச் சொன்னேன். மேசைக்கு நாலு காலும் போட்டு வரைந்தாள் ஒருத்தி. அது போகப் போக வந்துவிடும்.

உலகப் படத்தில்தான் திணறுகிறேன். மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் 1569-இல் கடல் பயணத்துக்காக வகுத்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கினால் அளவோ வடிவமோ கெட்டே தீரும் என்பதை எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது? பழைய ரப்பர் பந்தை வெட்டி விரித்துக் காட்டினேன். ரசித்தார்கள், ஆனால் படத்தோடு பொருத்திப் பார்க்கவில்லை. உலக உருண்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து நாடுகளை வரைந்து, வெட்டி ஒப்பிடச் சொல்லலாமா? தாள் சுருங்குமே என்று தயக்கம்.

முதலில் உருண்டையா, தட்டைப் படமா? இந்த வயதுக் குழந்தைகளோடு செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள், ப்ளீஸ். அடுத்த வாரம் கண்டங்கள் பாடம் தொடங்குகிறது.