பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்க்கிறோம்: உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் எது?

காட்பாடி அம்மா

எல்லாருக்கும் தோத்திரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். காட்பாடி ஸ்டேஷனில் முன்பதிவில்லா டிக்கெட் வரிசை, வண்டி வரப் பத்து நிமிஷம்தான் இருந்தது. "ஒரு முழு, ஒரு அரை" என்றேன். உள்ளே இருந்தவர் பையனை எட்டிப் பார்த்து, "வயசு என்னம்மா?" என்றார். "பதினொண்ணு." வாயில் தானாக வந்துவிட்டது. பன்னிரண்டு முடிந்தால் முழு டிக்கெட் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே பன்னிரண்டு முடிந்தாயிற்று.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அரக்கோணம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ராத்திரி வீடு திரும்பியதும் குடும்ப ஜெபம். அன்றைக்கு ஜெபிக்க அவன் முறை. தாத்தா, பாட்டி, பரீட்சை, ஊழியர்கள் எல்லாருக்காகவும் ஜெபித்தான். கடைசியில், "ஆண்டவரே, நாங்க இன்னிக்கு ஸ்டேஷன்ல பொய் சொன்னோம், எங்களை மன்னிச்சிடுங்க" என்றான்.

நாங்க. பொய் சொன்னது நான். அவன் வாயே திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்கு ஆமென் சொல்ல வரவில்லை. இதுவரை அவனிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஆம்பூர் அப்பா

சிஸ்டர், உங்கள் பையன் ஜெபமாவது பண்ணினான். என் கதை வேறு.

பத்து வருஷம் ஆகிறது. ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சுவர்க் கடிகாரம் கண்ணாடி உடைந்து கிடக்கிறது, கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்தது. பெரியவனைக் கேட்டேன். "நான் இல்லப்பா" என்றான். வீட்டில் பந்து விளையாடுகிறவன் அவன்தானே! "உடைச்சதுக்கு அடிக்கலடா, பொய் சொல்றதுக்கு அடிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்கிற நீதிமொழிகள் 13:24 என் வாயிலேயே இருந்தது. அவன் கடைசி வரை "நான் இல்ல" என்றுதான் சொன்னான். அடித்து முடித்துப் பிரம்பைப் பரண் மேல் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் சின்னவள், ஆறு வயசு, ஸ்டூல் போட்டு ஏறிப் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்கிறாள். "நான்தாம்பா. என்னையும் அடிங்க" என்று என் கையில் கொடுத்தாள்.

அவளை அடிக்கவில்லை. பெரியவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. சோற்றைப் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். இப்போது அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், வாரம் தவறாமல் போன் பண்ணுவான். அம்மாவிடம்தான் பேசுவான். பிரம்பெல்லாம் இந்தக் காலத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை, சத்துவாச்சாரி

ஒரு பையன் 119ஆம் சங்கீதம் முழுவதையும், 176 வசனத்தையும், ஒரு இடத்தில்கூடத் தட்டாமல் ஒப்பித்தான். முதல் பரிசை என் கையால் கொடுத்தேன். வெளியே வந்து தாகம் என்றான். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா டம்ளரில் தண்ணீர் மோந்து நீட்டினார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க வீட்டுல இவங்க கிட்ட வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான். அந்த அம்மா டம்ளரை மெதுவாகத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். பரிசுப் புத்தகம் அவன் அக்குளில் இருந்தது. எட்டு வருஷம் ஞாயிறுதோறும் என்னிடம் படித்த பிள்ளை.

ஆம்பூர் சகோதரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அடித்தது தப்பு. ஆனால் அதனால் கண்டிப்பே வேண்டாம் என்று ஆகிவிடாது. நீதிமொழிகளில் பிரம்பு என்று வருகிற இடத்தில் எபிரெயச் சொல் ஷேபெத். 23ஆம் சங்கீதத்தில் உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும் என்கிறோமே, அந்தக் கோலும் இதே சொல்தான். மேய்ப்பன் அதை வைத்து ஓநாயை விரட்டுவான், ஆட்டை எண்ணுவான், வழி தவறினால் திருப்புவான். ஆட்டைப் போட்டு அடித்துக்கொண்டிருக்க மாட்டான். எபேசியர் 6:4ஐ எடுத்துப் பாருங்கள். பிதாக்களுக்கு முதலில் சொல்லப்படுவது பிள்ளைகளைக் கோபப்படுத்தாதே என்பது. சிட்சையும் போதனையும் அதற்கு அப்புறம்தான் வருகிறது. நாம் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதே சமயம் ஆசாரியனாகிய ஏலியையும் மறக்கக் கூடாது. 1 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தில் அவர் மகன்களிடம் பேசினார், கண்டித்தும் பேசினார். 3:13இல் அவர்மேல் வருகிற குற்றச்சாட்டு, அடக்கவில்லை என்பது. பேச்சோடு நிறுத்திக்கொண்டார்.

குடும்ப ஜெபம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பிள்ளைகளே வாசிக்கட்டும், தடுமாறினாலும் விடுங்கள். ஜெபத்திலே பிள்ளையைத் திட்டாதீர்கள். "ஆண்டவரே, இவன் போனை விட்டுப் படிக்கும்படி செய்யும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பிள்ளைக்குத் தெரியாதா, அது யாருக்குச் சொன்னது என்று? காணிக்கையை ஆலய வாசலில் கையில் திணிக்காதீர்கள். முந்தின ராத்திரியே அவர்கள் சேமிப்பிலிருந்து எடுத்து வைக்கப் பழக்குங்கள். அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் வாங்கிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, அவர்கள் ஊற்றி வளர்த்த ஒரு கட்டுக் கீரை மேல். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் என்கிறது. ஆலயத்தில் என்று அங்கே இல்லை. உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாருக்குத் தனி டம்ளர் என்பதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மனப்பாட வசனத்தில் ஜெயிப்பதை வைத்துப் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன்.

தோட்டப்பாளையம் வீட்டுக்காரர்

டீச்சர், நீங்கள் சொன்னதெல்லாம் சரி. எங்கள் வீட்டில் அத்தனையும் நடந்தது. தினமும் ஜெபம், தனிக் காணிக்கை டப்பா எல்லாம் உண்டு. ஆனாலும் இது நடந்தது.

மாடி அறையை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு விடுவோம். நம் பக்கம் பாதிப் பேர் செய்வதுதான். வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம் இரண்டு மாதத்துக்கு என்று வந்தார்கள், 5,000 ரூபாய் அட்வான்ஸ். மூன்றாம் வாரமே அந்த மனுஷர் இறந்துவிட்டார். சொன்ன காலத்துக்கு முன் காலி செய்தால் அட்வான்ஸ் கிடையாது என்று முதலிலேயே பேசியிருந்தேன். அதையே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

என் மகளுக்கு அப்போது பத்து வயசு. அந்த வருஷம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நாடகத்தில் அவள்தான் அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐடா அம்மா இளம் பெண்ணாக இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரச் சொன்னார்கள். பெண் டாக்டர் வேண்டும். இந்த அம்மா டாக்டரே இல்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு மாதமாக அதே ஒத்திகை, தட்டுகிற சத்தத்துக்கு நான்தான் மேசையைத் தட்டிக் கொடுப்பேன்.

அன்று ராத்திரி ஒன்பதரை இருக்கும். அந்த அம்மா வந்து கதவைத் தட்டினார்கள். அட்வான்ஸுக்குத்தான் என்று தெரியும். லைட்டை அணைத்துவிட்டுப் பேசாமல் படுத்திருந்தேன். திரும்பத் தட்டினார்கள். பக்கத்துப் பாயில் மகள் மெதுவாக, "ரெண்டு" என்றாள். எனக்கு மேலெல்லாம் குளிர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டல். "மூணு."

எழுந்து போய்த் திறந்தேன். பணத்தைக் கொடுத்தேன். ஆனால் கரண்ட் பில், வெள்ளையடிக்க என்று 600 ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். அந்த அம்மா எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், நான் எண்ணியதைப் பார்த்தாள். அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள். அந்த ராத்திரியைப் பற்றி ஒரு நாளும் அவள் பேசியதில்லை. எனக்கு அந்த 600 போகவே மாட்டேன் என்கிறது. அந்தக் குடும்பத்தின் விலாசம்கூட என்னிடம் இல்லை.

ஆம்பூர் அப்பா

டீச்சர் அம்மா, ஷேபெத் எல்லாம் அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? அடிக்காத அப்பன் பிள்ளையைப் பகைக்கிறான் என்றுதான் சபையில் கேட்டிருக்கிறேன். தோட்டப்பாளையம் அண்ணா, நீங்கள் எழுந்து கதவைத் திறந்தீர்கள், அதை அந்தப் பெண் பார்த்தாள். நான் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன்.

ராணிப்பேட்டை

ஐடா அம்மா பிறந்தது எங்கள் ஊரில், 1870இல். அந்த மூன்று தட்டலும் நடந்தது திண்டிவனத்தில். நாடகத்தில் நிறையப் பேர் வேலூர் என்று வைத்துவிடுகிறார்கள், பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லுங்கள். வேலூரில் ஒரே படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தது 1900இல்தான், அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து முடித்து வந்த பிறகு.

காட்பாடி அக்காவுக்கு: குறைத்த காசுக்கு ஒரு டிக்கெட் வாங்கி, அதில் பயணம் போகாமல் விட்டுவிடுங்கள். ரயில்வேக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். எண்ணாகமம் 5:7 ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். பையனைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள். கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த இரண்டு ரூபாயைத் திருப்பித் தர எங்கள் அப்பா என்னை வாலாஜா வரை உச்சி வெயிலில் நடத்திக்கொண்டு போனார். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. அவர் வழியில் ஒரு வார்த்தை உபதேசம் பண்ணவில்லை.

காட்பாடி அம்மா

தம்பி, சொன்னபடி நேற்று சாயந்திரம் போனோம். போகும்போதே அவனிடம் சொல்லிவிட்டேன், "அம்மா பொய் சொன்னேன், நீ சொல்லல, நாங்கன்னு ஜெபம் பண்ண வேண்டியதில்ல" என்று. தலையை ஆட்டினான். சென்னைக்கு ஒரு முழு டிக்கெட் எடுத்தோம். அரை டிக்கெட் பாக்கிதான், கூடவே இன்னொரு பாதி. பிளாட்பாரத்துக்குப் போகாமல் வெளியே வந்தோம்.

வண்டி ஸ்டாண்டில் அவன் கேட்டான்: "ம்மா, பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனப்பவும் எனக்குப் பன்னெண்டு முடிஞ்சிடுச்சில்ல?"

போக ஒரு தடவை, வர ஒரு தடவை. திரும்பவும் வரிசையில் போய் நின்றோம்.