சமூக அறிவியல் வகுப்பில் மனத்தை விட்டு அகலாத ஒரு தருணம்: மதுரை வட்டார ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

மேலூர்ப் பக்கத்து ஆசிரியை:
பாறை விளிம்பில் பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பட்ட மாங்குளம் கல்வெட்டு எல்லோரும் அறிந்ததுதான். மீனாட்சிபுரம் மலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நிறுத்தி, பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன், அவனுடைய பணியாளன் கடலன் வழுதி, சமணத் துறவியருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் என்று பாடக்குறிப்பின் வரிசைப்படி விளக்கிக்கொண்டிருந்தேன். கிரானைட் குவாரியில் வேலை பார்ப்பவரின் மகன் ஒருவன் பாறை விளிம்புக்கு நேர் கீழே போய் நின்று, கழுத்தை முழுவதும் பின்னுக்கு வளைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கையில் உளி இருப்பது போலக் கொத்திக் காட்டினான். "சாரம் கட்டி அண்ணாந்துதான் கொத்தியிருக்கணும் டீச்சர். தூளெல்லாம் கண்ணுலதான் விழுந்திருக்கும்" என்றான். அதன் பிறகு அரசனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உளியைத் தீட்டியவர் யார், கூலி நெல்லா காசா என்றே பேச்சு ஓடியது. தேர்வில் "சிறுகுறிப்பு வரைக: மாங்குளம்" என்று வந்தபோது அவன் இரண்டு வரி எழுதி நிறுத்திவிட்டான். அவனுக்குத் தெரிந்ததை எழுத அந்த வினாவில் இடமில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

மதுரை நகர ஆசிரியை:
மலையேறினால்தான் வரலாறு என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அனுமதிக் கடிதம், பேருந்து, மதிய உணவு என்று பார்த்தால் நகரப் பள்ளிகளில் பலருக்கு அது நடவாத காரியம். ஆங்கிலேயர் காலத்தில் பிளாக்பர்ன் மதுரை ஆட்சியராக இருந்தபோது கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகள் உருவானதை நான் பள்ளி மைதானத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு நடத்தினேன். அவரவர் வீடு இருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள் என்றேன். சித்திரை வீதிப் பிள்ளைகள் நடுவிலும், மாசி வீதிப் பிள்ளைகள் அவர்களைச் சுற்றியும் நின்றார்கள். சிம்மக்கல்லுக்கு வடக்கே ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒரு சிறுமி கோட்டுக்கு வெளியே தனியாக நின்று, "சண்டை வந்தா எங்களுக்குக் கதவைத் திறப்பாங்களா மிஸ்?" என்று கேட்டாள். உள்ளே நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மணி அடித்த பிறகும் வாதாடினார்கள். பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியிருக்கும் மேலவாசல் கொத்தளத்தை அவர்கள் நாள்தோறும் கடந்துதான் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டி பட்டதாரி ஆசிரியர்:
மலையா மைதானமா என்பதை விட, யாருடைய பிள்ளைகளுக்கு எதை நடத்துகிறோம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில சமூகத்தாரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை வாங்கிய ஆங்கிலேயரின் ரேகைச் சட்டப் பாடத்திற்கு, மை தடவிய பஞ்சில் விரலை ஒற்றித் தாளில் பதியவைக்கும் செயல்பாடு ஒன்று பயிற்சிக் கூட்டத்தில் தரப்பட்டது. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பெருங்காமநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் முறை வந்ததும், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "எங்க கொள்ளுத்தாத்தா வைக்க மாட்டேன்னுதானே சார் நின்னாரு, நான் வைக்கணுமா?" என்றான். ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டை நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். பஞ்சை மூடி வைத்துவிட்டு, அவர்களுடைய வீட்டில் கேட்டதைச் சொல்லச் சொன்னேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்:
கீழடி அருங்காட்சியகத்திற்கு உறவினர் பிள்ளைகளுடன் போனபோது, ஒரு பள்ளிக் குழு ஒவ்வொரு பலகையையும் நின்று நின்று நோட்டில் நகலெடுத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை நிமிர்ந்தும் பாராமல் போனதைக் கண்டேன். நான் சொல்ல வந்த அனுபவம் அவ்வளவுதான்.

இளைய ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பொருள் என்று முன்னதாகவே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். தாயக்கட்டையோ, "ஆதன்" என்று பெயர் கீறிய பானை ஓடோ, ஏதேனும் ஒன்று போதும். அதைப் படமாக வரையட்டும். எது தேய்ந்திருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று குறிக்கட்டும். காலம், அரசமரபு, கரிமப் பகுப்பாய்வு ஆகியவற்றை மறுநாள் வகுப்பில் சொன்னால் அவை ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் பொருளைப் பார்க்கவே மாட்டார்கள். அகழாய்வு நடந்த வட்டாரத்தில் மண்ணில் கிடக்கும் ஓட்டைப் பொறுக்கி வர விடாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தொலைந்தால் ஓட்டின் பாதிச் செய்தி தொலைந்துவிடும். மேலூர் ஆசிரியைக்கு ஒன்று: வினாத்தாள் நம் கையில் இல்லாவிட்டாலும், வகுப்பிலேயே ஆசிரியர் நடத்தும் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடு நம் கையில்தான் இருக்கிறது, அந்தப் பையனைச் சாரத்தை வரையச் சொல்லி அதற்கு மதிப்பெண் கொடுத்திருக்கலாம்.

மேலூர்ப் பக்கத்து ஆசிரியை:
ஐயா, வளரறி மதிப்பீடு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அவன் படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஆயினும் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்கப் போகிறேன். திருப்புதல் தேர்வுகள் நெருங்குவதற்குள் மலைக்குப் போய்வந்துவிட வேண்டும். கல்தச்சர் ஒருவரையும் உடன் வரக் கேட்டிருக்கிறேன்.