வீட்டு வைஃபையில் எர்டாப் திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை. உதவி வேண்டும்

உப்பங்கழி, சனி இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். இடம் வடசென்னை எர்ணாவூர். நாலு பேர் சேர்ந்து மூன்று மொட்டை மாடிகளில் பிஎம் 2.5 தூசு (2.5 மைக்ரானுக்கு மேல் போகாத நுண்தூசு) அளக்கும் சின்னக் கருவிகள் வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் பரவியது, அந்த மாதக் கடைசியில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடு ராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்கள், அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் ‘இதுக்கு முன்னாடி இங்க எப்படி இருந்துச்சு’ என்று கேட்டார்கள், எங்களிடம் காட்ட ஒரு எண் கூட இல்லை. தூசுக் கருவி அமோனியாவை அளக்காது, தெரியும். ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமே.

இப்போது பிரச்சினை. பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், உபுண்டு. டாம்கேட் (ஜாவா நிரல்களை ஓட்டும் சர்வர்) போட்டு அதில் எர்டாப் (அறிவியல் தரவை மற்றவர்கள் இறக்கிக்கொள்ளத் திறந்து வைக்கும் மென்பொருள்) ஏற்றியிருக்கிறேன், ஜாவாவுக்கு 2 ஜிபி ஒதுக்கினேன். தரவு எல்லாம் சிஎஸ்வி, நிமிடத்துக்கு ஒரு வரி, மூன்று கருவிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 4320 வரி. வீட்டு வைஃபையில் 192.168.1.20, போர்ட் 8080 என்று அடித்தால் அழகாக வருகிறது. போனை மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் சுற்றிக்கொண்டே இருந்து டைம் அவுட். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்ட் செய்தாகிவிட்டது, ஃபயர்வாலில் 8080 திறந்தாகிவிட்டது, ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டாகிவிட்டது. மூன்று ராத்திரி போச்சு.

வண்ணாரப்பேட்டை வாத்தி, சனி இரவு 11:52

தம்பி, இதுக்கு ஏன் எர்டாப்? சிஎஸ்வி கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வைத்துப் பட்டியலாகத் திறந்து விட்டால் முடிந்தது. கொசுவை அடிக்க கிரேனா?

உப்பங்கழி, ஞாயிறு காலை 7:05

சார், முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். கேட்கிறவர்கள் ‘பொங்கல் வாரம் மட்டும் வேணும்’, ‘ஒரு கருவி மட்டும் வேணும்’ என்று கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்து வெட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எர்டாப்பில் முகவரியிலேயே தேதியையும் கருவியையும் எழுதினால் அந்தத் துண்டு மட்டும் வருகிறது, சிஎஸ்வியோ ஜேசனோ நெட்சிடிஎஃபோ அவரவர் கேட்ட வடிவத்தில்.

கொருக்குப்பேட்டை கேபிள், ஞாயிறு காலை 9:30

நான் கேபிள் இழுக்கிற தொழில், இதை வாரத்துக்கு ரெண்டு வீட்டிலாவது பார்க்கிறேன். சர்வரைத் தொடாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. ரவுட்டரின் உள்ளே போய் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். அப்புறம் அதே வைஃபையில் ‘என் ஐபி என்ன’ காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். ரெண்டும் ஒன்றா?

உப்பங்கழி, ஞாயிறு காலை 9:48

ஒன்றில்லை அண்ணா. ரவுட்டரில் 100.72 என்று ஆரம்பிக்கிறது. தளத்தில் வேறு எண்.

கொருக்குப்பேட்டை கேபிள், ஞாயிறு காலை 10:15

அதேதான். சிஜிநாட், அதாவது இணைய நிறுவனமே பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைப்பது. 100.64-இலிருந்து 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் இணையத்தில் யாருக்கும் தெரியாது, இணையம் கொடுக்கிறவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள 2012-இல் ஒதுக்கியது. ஐபிவி4 முகவரி பற்றாக்குறை, அதனால் ஒரு வெளி முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். உங்கள் ரவுட்டரில் நீங்கள் திறந்தது உங்கள் வீட்டுக் கதவு. தெருமுனை கேட் அவர்கள் கையில், அதை உங்களால் திறக்க முடியாது. இனிமேல் எத்தனை தடவை ரவுட்டரை அணைத்தாலும் ஒன்றும் ஆகாது.

வழி என்று பார்த்தால், மாதம் கூடுதலாகக் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம், எல்லா இணைப்புக்கும் தர மாட்டார்கள். ஐபிவி6 வருகிறதா பாருங்கள், வந்தாலும் பார்க்கிறவர் பக்கமும் அது இருக்க வேண்டும். ஒரு டொமைன் இருந்தால் கிளவுட்ஃப்ளேர் டன்னல் போடுங்கள். அதில் உங்கள் மெஷின் உள்ளிருந்து வெளியே போய்க் கையைப் பிடித்துக்கொள்ளும், வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ரவுட்டரில் திறந்த போர்ட்டை மறக்காமல் மூடிவிடுங்கள்.

ராயபுரம் ரேக், ஞாயிறு மதியம் 1:10

கேபிள் அண்ணன் சொன்னது சரி. இன்னும் ரெண்டு விஷயம். டன்னல் போட்ட பிறகும் டாம்கேட்டை நிர்வகிக்கும் மேனேஜர் பக்கம் வெளியே தெரியக் கூடாது, அதை எடுத்தே விடுங்கள். அப்புறம் கருவிகள் இருப்பது யார் வீட்டு மாடிகளில்? அட்ச தீர்க்கரேகையை அஞ்சு தசம இடம் வரைக்கும் போட்டிருந்தால் ஒரு மீட்டர் துல்லியத்தில் வீடு தெரியும். ஆலைப் பக்கத்து ஊரில் யார் அளக்கிறார்கள் என்று ஊருக்கே சொல்லிக் கொடுக்க வேண்டாம். மூன்று இடத்தோடு நிறுத்துங்கள், நூறு மீட்டர் வரும், ஆராய்ச்சிக்கு அது போதும்.

உப்பங்கழி, ஞாயிறு இரவு 8:40

அக்கா, நிஜமாகவே ஆறு இடம் போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். நன்றி.

டன்னல் வேலை செய்கிறது! மொபைலில் திறக்கிறது. ஆனால் உள்ளே எந்த இணைப்பை அமுக்கினாலும் லோக்கல்ஹோஸ்ட் 8080-க்கே ஓடுகிறது.

ராயபுரம் ரேக், ஞாயிறு இரவு 9:02

எர்டாப்பின் அமைப்புக் கோப்பான செட்டப் எக்ஸ்எம்எல்லில் பேஸ் யூஆர்எல், பேஸ் எச்டிடிபிஎஸ் யூஆர்எல் என்று ரெண்டு வரி இருக்கும். ரெண்டிலும் வெளி முகவரியை எழுதி டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள். அது தன் பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

உப்பங்கழி, செவ்வாய் இரவு 10:30

சரியாகிவிட்டது. ஆனால் புதுசாக ஒன்று, இதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

புனேயில் ஒரு ஆய்வு மாணவி நம் தரவை இறக்கி, நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றி வரைந்து அனுப்பினார். தினமும் மதியம் 12:30-க்குத் தூசு உச்சிக்குப் போகிறது, இது கடல்காற்று கரைக்கு ஏறும் நேரம் ஆயிற்றே, கடல்காற்றுதான் ஆலைத் தூசைத் திருப்பிக் கொண்டுவருகிறதா என்று ஒரு பக்கத்துக்குக் கேள்வி எழுதியிருக்கிறார். நானும் ஒரு நாள் முழுக்க நம்பிவிட்டேன், நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அப்புறம் பார்த்தால் எங்கள் மாடியில் உச்சிக்குப் போவது காலை ஏழு மணிக்கு, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும்போது. ஏழுக்கும் பன்னிரண்டரைக்கும் சரியாக அஞ்சரை மணி. கடல்காற்றாவது ஒன்றாவது.

ராயபுரம் ரேக், செவ்வாய் இரவு 11:15

இதில் விழாதவர் யாரும் இல்லை. உங்கள் சிஎஸ்வியில் நேரம் இந்திய நேரம், பக்கத்தில் எந்த நேரம் என்ற குறிப்பு இல்லை, எர்டாப் அதை யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால்) என்று எடுத்துக்கொண்டது. அதை யூடிசி என்று நம்பி மாற்றியவர் மேலும் அஞ்சரை மணி கூட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

தரவு விவரம் எழுதும் டேட்டாசெட்ஸ் எக்ஸ்எம்எல்லில் நேர நெடுவரிசைக்குக் கீழே டைம் ஜோன் என்ற பண்பைச் சேர்த்து ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். அதிலேயே ரீலோட் 10080 நிமிடம் என்று இருக்கும், அதாவது ஒரு வாரம். அதுவரை காத்திருக்காமல், ஃப்ளாக் ஃபோல்டரில் அந்த டேட்டாசெட் ஐடியின் பெயரில் ஒரு காலிக் கோப்பு வையுங்கள், எர்டாப் உடனே மறுபடி படித்துக்கொள்ளும். இனி கருவி எழுதும்போதே யூடிசியில் எழுதட்டும். பழைய கோப்பையும் புதுக் கோப்பையும் ஒரே ஃபோல்டரில் கலக்காதீர்கள், ஒரே டேட்டாசெட்டில் ரெண்டு நேரக் கணக்கு இருந்தால் பிரிக்கவே முடியாது.

கருவி பேசாத நிமிடத்துக்கு என்ன எழுதுகிறீர்கள்? -999 என்றால் அதையும் மிஸ்ஸிங் வேல்யூ என்று அறிவியுங்கள், இல்லையென்றால் யாராவது சராசரி போட்டு எர்ணாவூரில் தூசு மைனஸில் போகிறது என்பார்கள்.

வண்ணாரப்பேட்டை வாத்தி, புதன் காலை 6:20

நானும் ஒன்று சொல்கிறேன், கிரேன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொண்டு. இந்தச் சின்னக் கருவிகள் ஒளிச் சிதறலை வைத்து அளப்பவை. கடலோர ஈரப்பதத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் போகும், கருவி அதையும் தூசு என்றே எண்ணும். ஈரப்பதத்தையும் ஒரு நெடுவரிசையாகக் கொடு. நீயே திருத்திய எண்ணைக் கொடுப்பதானால் கருவி சொன்ன எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும், அழிக்காதே. அப்புறம் வீட்டுப் பெட்டியை மட்டும் நம்பாதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நகலை ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் ஏற்று. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துகிற இடம், காசில்லை, ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கொடுப்பார்கள். கட்டுரையில் சுட்ட அதுதான் வேண்டும். உன் டன்னல் முகவரியை ஒருத்தரும் சுட்ட மாட்டார்கள்.

உப்பங்கழி, வியாழன் இரவு 9:55

எல்லாம் செய்தாயிற்று சார். புனேக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், ‘கடல்காற்று போனாலும் லாரி வந்ததே’ என்று பதில் போட்டிருக்கிறார். காலை ஏழு மணி ஏழு மணியாகவே தெரிகிறது. முதல் மூன்று மாத நகலையும் ஏற்றிவிட்டேன்.

காட்டுக்குப்பத்துக் கருவி மட்டும் நேற்று மதியத்திலிருந்து வெறும் -999. மாடியில் கருவாடு காயப்போட்டபோது யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். அதற்கு இங்கே கேட்டுப் பயனில்லை, காலையில் நேரில் போய்ப் பார்க்கிறேன்.