புதுப்பிப்பு: 0424-ல தொடங்குற போலி அழைப்பு, எங்க அப்புச்சிக்கு வந்தது

இந்த அழைப்பை எப்படி நிறுத்துறதுன்னு போன மாசம் இங்க கேட்டிருந்தேனுங்க. பெருந்துறைப் பக்கம் தோட்டத்துல இருக்குற எங்க அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) ஈரோட்டுக் கோடு 0424-லயே தினமும் அழைப்பு: "பில் கட்டல, இன்னைக்கு ராத்திரி கரண்ட் கட், இந்த ஆப்பைப் போடுங்க." யோசனை சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

நம்பரை பிளாக் பண்ணது உதவல. கடைசி நாலு எண் மாறி மாறி வந்துச்சு.

திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தேன், அங்கதான் எதிர்பாராத விஷயம். எடுத்தவர் ஈரோட்டுல மஞ்சள் மண்டி வெச்சிருக்கவரு. "கண்ணு, காலைல இருந்து நீங்க ஆறாவது ஆளு, நான் யாரையும் கூப்பிடலையே"ன்னாரு. குரலே உடைஞ்சிருச்சு. அவர் நம்பரைத்தான் போலியாக் காட்டியிருக்காங்க. தயவுசெஞ்சு திருப்பிக் கூப்பிட்டு யாரையும் திட்டிராதீங்க.

வேலை செஞ்சது, சேமிக்காத நம்பரை ஒலிக்காம வைக்கச் சொன்ன யோசனை. மூணு வாரமா அப்புச்சி நிம்மதியாத் தூங்குறாரு. ஆனா பால் சொசைட்டிக்காரர் அழைப்பும் ரெண்டு நாள் தவறிப்போச்சு. தேவையான நம்பரையெல்லாம் முதல்லயே சேமிச்சிருங்க.

மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல, சந்தேகமான அழைப்பைப் புகார் பண்ற 'சக்ஷு' பகுதியில தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட்டோட புகாரும் குடுத்தாச்சு. அது பணம் போகாதவங்களுக்கு. பணம் போயிருந்தா அங்க நேரத்தை விடாம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க.

பில்லு பாக்கி இருக்கான்னு நானே அதிகாரபூர்வத் தளத்துல பார்த்தேன். ஒரு ரூபா கூட இல்லைங்க.