குதிரை ஓட்டும் களத்துக்கு என்ன மணல் போடலாம்?

தோவாளைக்காரி:
ஆரல்வாய்மொழிப் பக்கம் 30 சென்ட் இடம், இரண்டு குதிரை. ஒன்று கத்தியவார் இனப் பெட்டை, மற்றது வயசான மட்டக்குதிரை. அதில் 20-க்கு 40 மீட்டரில் களம் போட்டிருக்கிறேன். போன வருஷம் கிரஷர் பொடியை (கல் உடைக்கும் ஆலைத் தூள்) ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டிப் பரப்பினேன். ஆடிக் காற்றில் பாதி பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. மீதி ஐப்பசி மழையில் சிமெண்ட் தரையாக இறுகிவிட்டது. பெட்டை முன்கால் நொண்டிய பிறகுதான் புத்தி வந்தது. இப்போது கடல் மணல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

செம்மண் சவாரி (தக்கலை):
அக்கா, கடல் மணல் வேண்டவே வேண்டாம். மணி உருண்டையாக இருக்கும். கேழ்வரகு கொட்டிய தரையில் நடப்பதுபோல் குளம்பு நழுவும். உப்பில் லாடமும் ஆணியும் துருப்பிடிக்கும். அனுமதி இல்லாமல் அள்ளினால் வழக்கு வேறு.

மேலே போடுவதைவிட அடியில் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். மேல்மண்ணை வழித்து, 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் 20 செ.மீ. தாழ்வாக மட்டம் எடுங்கள். 15 செ.மீ. ஜல்லி போட்டு ரோலர் ஓட்டுங்கள். ஜல்லியும் மணலும் கலக்காமலிருக்க நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீர் இறங்கவிடும் செயற்கை இழைத் துணி). அதன்மேல் கழுவிச் சலித்த எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல். அதன் மணி கோணலாக இருப்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். முதலில் 5 செ.மீ. போதும், சுமார் 14 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) வரும். ஆழம் போதவில்லையென்றால் பிறகு கூட்டலாம். கூடினால் அள்ளுவது பெரும்பாடு. பொதபொதவென்று ஆழமாக இருந்தால் கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். ஒரு சாண் எல்லாம் ரொம்ப அதிகம் அக்கா.

குலசேகரத்தான்:
காற்றுக்கு ஈரம்தான் மருந்து. ஈரம் நிற்கட்டும் என்று நாங்கள் தென்னை நார்க்கழிவைக் கலந்தோம். பங்குனியில் அருமையாக இருந்தது. ஆனியில் மழை பிடித்ததும் பாசி, வழுக்கல். மொத்தத்தையும் வாரி வாழைக்குப் போட்டோம். வாழை நன்றாக வந்தது!

செம்மண் சவாரி:
அண்ணே, உங்க ஊர் மழை அங்கே கிடையாது. அக்காவுக்குக் கதம்பல் (தேங்காய் மட்டை) நார் கொஞ்சம் கலந்தால் குற்றமில்லை. நார் மட்டும், தூள் வேண்டாம்.

தோவாளைக்காரி:
சரி தம்பி, முதலில் ஜல்லி. மேற்கு ஓரத்தில் பூவரசு நட்டு வேலி போடலாம் என்றிருக்கிறேன். காற்று கணவாய் வழியாக அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது. துணி நாகர்கோவிலில் கிடைக்குமா?